சால்வையில் ஓட்டை: இராமபாணமா, அந்துப்பூச்சியா, கம்பள வண்டா?

ஊட்டியில் வாங்கிய கம்பளிச் சால்வையை மார்கழிக் குளிருக்கு எடுத்து விரித்தால், ஓரத்தில் மிளகு அளவில் ஏழெட்டு ஓட்டைகள். "இராமபாணம் அரித்திருக்கிறது" என்றார் அம்மா. "அந்துப்பூச்சிதான், வேறென்ன" என்றார் பக்கத்து வீட்டு மாமி. இருவரும் பெயரே சொல்லாத மூன்றாவது பேர்வழிதான் தின்றது என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. ஓட்டையை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இராமபாணத்தை முதலிலேயே விடுவித்துவிடலாம். வெள்ளி நிறம், வாலில் மூன்று இழைகள், விளக்கைப் போட்டதும் ஓட்டம். அது தேடுவது மாவுச்சத்தை: புத்தக அட்டையின் பசை, பழைய காகிதம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை. கம்பளி அதற்கு முதல் பந்தி அல்ல.

அந்துப்பூச்சி மீதான சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் இரவில் விளக்கைச் சுற்றும் சிறு அந்துகளைத் துணி அந்து என்று நினைத்து அடிப்பது வீண். துணி அந்து வெளிச்சத்துக்கு அஞ்சி, பீரோவின் இருட்டு மடிப்புகளிலேயே இருக்கும். வைக்கோல் நிறம், நீளம் 6 முதல் 8 மில்லிமீட்டர். துணியைத் தின்பது அதன் புழு. அது நூலாம்படை போன்ற இழையையோ, துணியின் நிறத்திலேயே நெய்த சிறு உறையையோ விட்டுச் செல்லும். நம் வீட்டுச் சுவர்களில் வெள்ளரி விதை போலத் தட்டையாகத் தொங்கும் சாம்பல் நிறக் கூடும் இதன் உறவுக்காரப் புழுவுடையதுதான். என் சால்வையில் இழையும் இல்லை, உறையும் இல்லை.

இருந்தவை பழுப்பு நிறச் சருகுகள். ஊதினால் பறக்கும், உற்றுப் பார்த்தால் மயிர் தெரியும். கம்பள வண்டின் புழு வளர வளரக் கழற்றிப் போட்ட சட்டைகள் அவை. புழு சில மில்லிமீட்டர்தான். உடலெங்கும் மயிர், குறுக்கே வெளிர், கருமைப் பட்டைகள், பின்பக்கம் மயிர்க்குச்சம். இதில் கறுப்பு வகை ஒன்று உண்டு. அதன் புழு கேரட் போலக் கூம்பி, நீண்ட மயிர் வாலோடு இருப்பதால் இராமபாணம் என்று ஏமாறலாம். ஊர்ந்தால் புழு, பாய்ந்து ஓடினால் இராமபாணம்.

வளர்ந்த வண்டு நம் துணியைத் தொடுவதில்லை என்பதுதான் வேடிக்கை. 2, 3 மில்லிமீட்டரில் உருண்டையாக, வெள்ளையும் பழுப்பும் மஞ்சளும் கலந்த புள்ளிகளோடு, குட்டிப் பொறிவண்டு போல இருக்கும். அதற்கு மகரந்தமும் தேனும் போதும். வெளிச்சத்தைத் தேடிப் போய் ஜன்னல் விளிம்பில் செத்துக் கிடக்கும். பல மாதங்களாக நான் அதைத்தான் குப்பை என்று துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். புழுவுக்கோ கம்பளி, இறகு, தோல், செத்த பூச்சி எல்லாம் உணவு. பட்டுப்புடவையும் தப்பாது, வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் ஏறியிருந்தால் விருந்துதான்.

கையில் தடிப்பு வந்தால் உடனே மூட்டைப்பூச்சி மருந்தைத் தேடுவதும் நடக்கிறது. கம்பள வண்டு கடிப்பதில்லை. புழுவின் மயிர் பட்டுச் சிலருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வரலாம். மூட்டைப்பூச்சி என்றால் மெத்தைத் தையலில் கரும்புள்ளிகளும் விரிப்பில் ரத்தக் கறையும் இருக்கும்.

அந்துருண்டை இதற்கெல்லாம் தீர்வு என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. அதன் ஆவி மூடிய பெட்டியில் தேங்கினால்தான் வேலை செய்யும். இடுக்கு விழுந்த பீரோவில் வெறும் வாசனை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு அந்துருண்டை நெடி ஏறிய துணியால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்தும் உண்டு. சால்வையை உதறி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தேன். பீரோவின் மூலைகளை வாக்கூம் கிளீனரால் உறிஞ்சினேன்.

ஆனாலும் ஜன்னலோரம் வண்டுகள் வந்துகொண்டே இருந்தன. பரணுக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்தில் புறாக்கள் விட்டுப்போன பழைய கூட்டை எடுத்தபோது, இறகுகளுக்கு நடுவே அதே பழுப்புச் சருகுகள் கைநிறைய உதிர்ந்தன.