ஓர்கிட் சாடிக்குப் பொச்சுத் துண்டுப் பொதி: வாங்கலாம், ஆனால் ஊறவைத்த பிறகே

யாழ்ப்பாணத்தில் பூக்கன்று விற்கும் இடங்களில் கிடைக்கும் பொச்சுத் துண்டு (தேங்காய் மட்டைத் துண்டு) டென்ட்ரோபியம் வகை ஓர்கிட்டுக்கு நல்ல நடவு ஊடகம். ஆனால் பொதியைப் பிரித்த கையோடு சாடியில் போட்டால், புதுத் தண்டு பழையதைவிடக் குட்டையாக நின்றுவிடக் கூடும். பொச்சில் பொட்டாசியம், சோடியம் உப்புகள் இருக்கின்றன. அவை மிஞ்சினால் புது வேர் நுனி கருகும். வேர் ஓடாத தண்டு பழைய தண்டின் சேமிப்பை மட்டும் நம்பி வளரும். அது தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுபோகும்.

ஒரு நாள் ஊறவைத்து வடித்துவிடுங்கள். இப்படி மூன்று முறை. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இறங்கினால் இன்னொரு முறையும் ஊறப்போடுங்கள். அரித்துத் தூளை நீக்கி, 2 சென்ரிமீற்றர் அளவுத் துண்டுகள் இரண்டு பங்குக்குச் சிரட்டைக்கரி ஒரு பங்கு கலந்தால் மாரியிலும் அடி அழுகுவது குறையும். கரி சேர்க்காத சாடியை ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே விடவே கூடாது.

எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரால் துண்டுகளில் வெள்ளைப் படிவு ஏறும். மழைத் தண்ணீர் சேமித்து ஊற்றுவதே மேல்.

எல்லாப் பழியும் பொதிமேல் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு முளை வந்தால் ஒன்று பின்தங்குவது இயல்பு. பிரித்து நடும்போது ஒரு சாடிக்கு மூன்று தண்டாவது விடுங்கள். ஒன்சிடியம் வகை ஓர்கிட்டில் புது இலை விசிறிபோல மடிந்து வந்தால், வளரும்போது தண்ணீர் போதவில்லை. அந்த மடிப்பு பிறகு நிமிராது.