தாளில் எழுதும் எமினெம், மனத்தில் கட்டும் ஜே-ஸீ

இருவருமே அமெரிக்க ராப் பட்டியல்களின் உச்சியைப் பிடித்தவர்கள். ஏறிய படிகள்தான் வேறு.

எமினெம் ஒன்பதாம் வகுப்பில் தேறாமல் பள்ளியை விட்டவர். அகராதி படித்துச் சொல் சேர்த்தவர். 2010-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பெட்டி நிறையத் துண்டுத் தாள்களைக் காட்டினார்: பொடி எழுத்து, கோணல்மாணலாக, வரிசையே இல்லாமல். ‘ஆரஞ்ச்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இயைபு கிடையாது என்பார்கள். அவரோ ‘டோர் ஹிஞ்ச்’ என்று ஒலியை வளைத்துப் பொருத்திவிட்டார். ராப் இசைத் தயாரிப்பாளர் டாக்டர் டிரே கைகொடுத்தார். 2000-இல் வந்த ஆல்பம் முதல் வாரமே அமெரிக்காவில் 17 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

ஜே-ஸீ, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், மார்சி என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். தாளைத் தொடுவதில்லை; முணுமுணுத்தபடியே வரிகளை மனத்தில் கட்டிவிட்டு ஒலிவாங்கி முன் போய் நிற்பார். எந்த நிறுவனமும் சேர்த்துக்கொள்ளாததால் நண்பர்களோடு சொந்த நிறுவனம் தொடங்கினார். 1996-இல் வந்த முதல் ஆல்பம் 23-ஆம் இடத்தோடு நின்றது. 2019-இல், ஹிப்-ஹாப்பின் முதல் நூறு கோடி டாலர் செல்வந்தர் என்று ‘ஃபோர்ப்ஸ்’ எழுதியது.

கணக்கில் ஜே-ஸீ கெட்டிக்காரர். சொல் ருசிக்கு என் ஓட்டு எமினெமுக்கே. 2003-இல் அவருக்கு ஆஸ்கர் அறிவித்தபோது மனிதர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாராம்.