யாவேயின் சாயல்: பாபிலோனா, உகாரித்தா?

பழைய ஏற்பாட்டோடு சேர்த்துப் படிக்க ஒரே ஒரு அண்டை நாட்டுப் புராணத்தைத்தான் எடுக்கலாம் என்றால் எதை எடுப்பது? நான் முதலில் எடுத்தது பாபிலோனின் படைப்புக் கதையான எனுமா எலிஷ். இப்போது மேசையில் இருப்பது, சிரியாவில் இருந்த பழைய நகரமான உகாரித்தின் பாகால் என்ற தெய்வத்தின் கதை.

பாபிலோன் தரப்பு வாதம் பலருக்கும் தெரிந்ததுதான். பாபிலோனின் தெய்வம் மார்துக், கடல் தேவி தியாமத்தைக் கொன்று, உடலைப் பிளந்து ஒரு பாதியை வானமாக்குகிறான். ஆதியாகமத்திலும் ஆழம் உண்டு, தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. ஆழத்துக்கான எபிரேயச் சொல் தெஹோம். அதைத் தியாமத்தோடு இணைத்து 1895இல் ஜெர்மன் விவிலிய அறிஞர் ஹெர்மன் குங்கெல் வாதிட்டார். ஆனால் தெஹோம் தியாமத்திலிருந்தே வந்தது என்றால், தியாமத்தில் இல்லாத 'ஹ' ஒலி தெஹோமில் எப்படி வந்தது? ஆழத்துக்கான உகாரித் மொழிச் சொல்லில் அந்த ஒலி இருக்கிறது. எனவே தெஹோமும் தியாமத்தும் ஒரே வேரிலிருந்து பிரிந்த பங்காளிச் சொற்கள் என்று கொள்வதே சரி.

என்னைக் கட்சி மாற வைத்தது ஒரு பாம்பு. ஏசாயா 27:1இல் வரும் லிவியாதான். எபிரேயத்தில் அதற்கு இரண்டு அடைமொழிகள்: விரைந்தோடும் என்பதற்கு 'பாரியஹ்', நெளியும் என்பதற்கு 'அகல்லாதோன்'. உகாரித் இருந்த இடமான ராஸ் ஷம்ராவில் 1929இல் தொடங்கிய அகழாய்வு தந்த களிமண் பலகைகளில், பாகால் வீழ்த்திய பாம்பின் பெயர் ல்-த்-ன் (அந்த எழுத்தில் பெரும்பாலும் மெய்கள் மட்டுமே). அடைமொழிகள் ப்-ர்-ஹ், அ-க்-ல்-த்-ன். அதே சொற்கள், அதே வரிசை! அதற்குத் தலை ஏழு. சங்கீதம் 74இன் லிவியாதானுக்கும் பல தலைகள். உகாரித் நகரம் அழிந்ததோ கி.மு. 1200ஐ ஒட்டி, ஏசாயாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே.

கடலை அடக்கும் தெய்வம் பல ஊர்களிலும் உண்டு. ஆனால் இரண்டு அடைமொழிகள் ஜோடியாக ஒத்துப்போவது தற்செயலாக நடக்காது. எனக்கு இதுதான் உரைகல். அப்புறம், மேகங்களின்மேல் ஏறிவருபவன் என்பது பாகாலின் பட்டம்; சங்கீதம் 104இல் மேகங்கள் கர்த்தரின், அதாவது யாவேயின், இரதம். உகாரித்தின் மூத்த தெய்வம் ஏலின் பெயரோ, இஸ்ரவேல் என்ற பெயருக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டையும் மொழிபெயர்ப்பில்தான் படித்தேன், ஆகவே கவிநயத்தில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வெள்ளக் கதைக்கு மட்டும் பாபிலோன் இருந்த மெசொப்பொத்தேமியாவை விட்டால் வழியில்லை. உகாரித்தில் கிடைத்த வெள்ளக் கதைத் துண்டுகூட மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில்தான் இருக்கிறது. அந்நாட்டுக் காவியமான கில்கமெஷின் 11ஆம் பலகையில், வெள்ளம் வடிந்தபின் பலியின் வாசனைக்குத் தெய்வங்கள் ஈக்களைப் போல் மொய்க்கின்றன. நோவாவின் பலிபீடத்தின்முன் அந்தக் கூட்டம் இல்லை, கர்த்தர் ஒருவர்தான். அவரும் சுகந்த வாசனையை முகர்கிறார்.