வேர்ல்ட் கப் டிக்கெட்ட "ஆப்ல ட்ரான்ஸ்ஃபர் பண்றேன்"னு சொல்லி முன்பணம் கேட்டா குடுத்துடாதீங்க

டல்லாஸ்ல இருக்குற எங்க மாமா பையன் நேத்து மெசேஜ் பண்ணான், "அண்ணா, 2026 ஃபுட்பால் வேர்ல்ட் கப் டிக்கெட் ஒருத்தர்கிட்ட இருக்காம், இப்ப பணம் போட்டா மேட்சுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃபிஃபாவோட டிக்கெட் ஆப்ல அனுப்புவாராம், வாங்கலாமா"ன்னு. அதப் படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. 2022ல தோஹால எனக்கும் என் தம்பிக்கும் நடந்தது அப்படியே இதேதான். இத்தன நாள் வீட்டுல கூட முழுசா சொல்லல, இப்ப எழுதுறேன்.

நாங்க வியாசர்பாடி. எங்க ஏரியா பத்தி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அங்க கிரிக்கெட்ட விட ஃபுட்பால்தான். தம்பிக்கு சின்ன வயசுல இருந்து மெஸ்ஸின்னா உயிரு. நான் தோஹால ஏசி வேலை, அவன் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. கத்தார்ல இருக்குறவங்களுக்குன்னு 40 ரியால்ல குரூப் மேட்ச் டிக்கெட் குடுத்தாங்க இல்ல, அதுல செனகல் நெதர்லாந்து மேட்சுக்கு எங்க ரெண்டு பேருக்கும் கெடச்சுது, டிக்கெட்டோட சேத்து ஸ்டேடியத்துக்குள்ள போறதுக்கு வேணும்னு சொன்ன ஹய்யா கார்டும் வந்துடுச்சு. ஆனா அர்ஜென்டினா மேட்ச் எதுவும் கெடைக்கல, குலுக்கல்லயும் விழல, அப்புறம் டிக்கெட் வாங்குனவங்க திருப்பி விக்கிற ஃபிஃபாவோட ரீசேல் பக்கத்த டியூட்டி முடிச்சு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருப்பேன், கண்ணுல காட்டும், கை வைக்கிறதுக்குள்ள போயிடும்.

அப்பதான் நம்ம ஆளுங்க இருக்குற ஒரு வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன், நல்லா தமிழ்ல பேசுனான், நவம்பர் 26 லுசைல் ஸ்டேடியத்துல நடக்குற அர்ஜென்டினா மெக்சிகோ மேட்சுக்கு ரெண்டு டிக்கெட் இருக்குன்னு போட்டிருந்தான். 250 ரியால் போட்ட கேட்டகிரி 3 டிக்கெட், ஒண்ணுக்கு 900 கேட்டான். என் சம்பளம் அப்ப 2,400. ரெண்டு டிக்கெட்டுக்கு 1,800 ரியால்னா ஊருக்கு அனுப்புற காசுல கை வைக்கணும், வெச்சேன். தம்பி வேணாம்ணா வேணாம்ணான்னுதான் சொன்னான், நான்தான் வாழ்க்கைல ஒரு தடவடா வாங்கலாம்னு சொல்லிட்டேன்.

பணம் போடச் சொன்ன அக்கவுண்ட் அவன் பேர்லயே இல்ல, "என் ரூம்மேட் அக்கவுண்ட்ணா, என் கார்டு பிளாக் ஆகியிருக்கு"ன்னான். அங்கயே நான் நிறுத்தியிருக்கணும். பணம் போன அன்னிலருந்து தினம் ஒரு காரணம். மொதல்ல ட்ரான்ஸ்ஃபர் ஆப்ஷன் இன்னும் ஓப்பன் ஆகலன்னான், அப்புறம் எங்கிட்ட இமெயில் ஐடி தப்பா குடுத்துட்டீங்கன்னான், மறுபடி குடுத்தேன்.

இப்ப சொல்றதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க. நவம்பர் 21ம் தேதி கலீஃபா ஸ்டேடியத்துல இங்கிலாந்து ஈரான் மேட்ச். அன்னிக்கு நெஜமாவே ஃபிஃபாவோட டிக்கெட் ஆப்ல பிரச்சினை ஆச்சு, காசு குடுத்து ஒழுங்கா வாங்குனவங்களுக்கே ஆப்ல டிக்கெட் காணாமப் போயி, நூத்துக்கணக்குல ஆளுங்க கேட் வெளிய நின்னாங்க, ஃபிஃபாவே ஒத்துக்கிட்டாங்க. அந்த நியூஸ் லிங்க்க அவன் எனக்கு அனுப்பி, "பாருங்கண்ணா, உலகத்துக்கே ஆப் வேலை செய்யல, நான் என்ன பண்றது, டிக்கெட் சேஃபா இருக்கு"ன்னான். நியூஸ் உண்மைங்கிறதால அவன் சொன்னதும் உண்மைன்னு நம்பிட்டேன். ஆனா அதே 21ம் தேதி ராத்திரி அல் துமாமா ஸ்டேடியத்துல எங்களோட 40 ரியால் டிக்கெட் ரெண்டும் ஆப்ல ஒழுங்கா தெறந்துச்சு, ஒரு தடங்கலும் இல்லாம உள்ள போயி மேட்ச் பாத்துட்டு வந்தோம். அதக் கூட நான் யோசிச்சுப் பாக்கல.

26ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பிடிஎஃப் வந்துச்சு. ரெண்டு பக்கம், பிளாக், ரோ, சீட் நம்பர், கியூஆர் கோடு எல்லாம் இருந்துச்சு. "ஆப் பிரச்சினைனால பிரிண்ட்ட அலவ் பண்றாங்கண்ணா, கேட்ல காட்டுங்க"ன்னான். மேட்ச் ராத்திரி பத்து மணிக்கு. ரெட் லைன் மெட்ரோல லுசைல் போயி எறங்கி கூட்டத்தோட நடந்தோம், சுத்தி எங்க பாத்தாலும் வெள்ளையும் நீலமும், தம்பி யார்கிட்டயோ கடன் வாங்குன பத்தாம் நம்பர் ஜெர்சி போட்டிருந்தான்.

கேட்ல இருந்த பொண்ணு அந்தத் தாளப் பாத்துட்டு, டிக்கெட் ஆப்ல மட்டும்தான், பிரிண்ட், ஸ்க்ரீன்ஷாட் எதுவும் செல்லாதுன்னு பொறுமையா சொல்லி, டிக்கெட் பிரச்சினை பாக்குற கவுண்டருக்கு அனுப்புனாங்க. அங்க முக்கா மணி நேரம் லைன். கவுண்டர்ல இருந்தவர் எங்க ஹய்யா கார்டு, பாஸ்போர்ட் நம்பர் ரெண்டையும் போட்டுப் பாத்துட்டு உங்க பேர்ல இந்த மேட்சுக்கு எதுவும் இல்லன்னுட்டார். எங்களுக்கு முன்னாடி நின்ன ஒரு மெக்சிகோ குடும்பத்துக்கும் அதே பதில், அந்தம்மா அழுதுட்டாங்க. அவனுக்கு போன் பண்ணேன், ரிங் போச்சு, அடுத்த தடவ ஸ்விட்ச் ஆஃப்.

தம்பி ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் இங்கயே இருந்துட்டுப் போலாம்ணான்னான். வெளிய ஒரு ஓரமா ஒக்காந்து போன்ல ஸ்கோர் பாத்துட்டிருந்தோம், 64வது நிமிஷம் மெஸ்ஸி கோல், போன்ல வர்றதுக்கு முன்னாடியே ஸ்டேடியத்துல இருந்து அந்தச் சத்தம் வந்துச்சு. 88,966 பேர் உள்ள இருந்தாங்க. அவன் எழுந்து நின்னு அந்த செவுத்தப் பாத்துட்டே இருந்தான். அந்த மூஞ்சி எனக்கு இன்னும் மறக்கல.

புகார் குடுத்தீங்களான்னு கேப்பீங்க. குடுக்கல, அதுதான் என் தப்பு. அனுமதி இல்லாம டிக்கெட் வித்தா கத்தார்ல ரெண்டரை லட்சம் ரியால் வரைக்கும் ஃபைன், அது விக்கிறவனுக்கு. ஆனா வாங்குன என்னையும் புடிச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயந்தேன். நம்மள மாதிரி ஆளுங்க பயந்து வாயத் தெறக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் இவனுங்க நம்ம குரூப்லயே வலை போடுறானுங்க. அந்த அக்கவுண்ட்காரர தேடிப் பிடிச்சேன், அவரும் ஒரு கம்பெனி லேபர்தான், யாரோ அம்பது ரியால் குடுத்து அக்கவுண்ட் நம்பர் வாங்கிட்டுப் போனாங்களாம். அவர்கிட்ட என்ன சண்ட போடுறது.

மாமா பையனுக்கு சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். ஆப்ல ட்ரான்ஸ்ஃபர் பண்றதுங்கிறது நெஜமாவே இருக்கு, அதனாலதான் ஏமாத்துறது ஈஸியா இருக்கு. கூடப் பொறந்தவன், நல்லாத் தெரிஞ்ச ஃப்ரெண்டுன்னா பரவால்ல. தெரியாதவன்னா, டிக்கெட் உங்க அக்கவுண்ட்ல உங்க ஆப்ல தெரியாம ஒரு டாலர் கூட போடாதீங்க, மெயில்ல வர்ற பிடிஎஃப், கன்ஃபர்மேஷன் ஸ்க்ரீன்ஷாட் எதுவும் டிக்கெட் இல்ல. இந்தத் தடவையும் ஃபிஃபாவோட சொந்த ரீசேல் இருக்கு, வாங்குறவங்ககிட்ட 15%, விக்கிறவங்ககிட்ட 15% எடுக்குறாங்க, எனக்கு அது கொள்ளையாத்தான் தெரியுது, ஆனா டிக்கெட் உங்க பேர்ல உங்க அக்கவுண்ட்டுக்கு வருது.

2022ல என்ன ஏமாத்துனவனோட நம்பர அழிக்காம வெச்சிருந்தேன். நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல தேடிப் பாத்தேன். இன்னும் ஓடுது. டிபில இப்ப 2026 கப் படம், கீழ "டிக்கெட் அவைலபிள்"னு போட்டிருக்கான். 2022 நவம்பர்ல தோஹால இதே மாதிரி லுசைல் மேட்சுக்குக் காசு குடுத்து பிடிஎஃப் வாங்குனவங்க யாராவது இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, இந்தத் தடவ ஒண்ணா சேந்து புகார் குடுக்கலாம். என்கிட்ட சாட் முழுசும் இருக்கு, பேங்க் ரசீதும் இருக்கு.