லீவ் முடிந்தும் திரும்பாத ஜவான்: எந்த வாசலில் போய் நிற்பது?

லீவ் முடிந்த பிறகும் ஊரிலேயே தங்கிவிட்ட இந்திய ராணுவச் சிப்பாய்க்கு நான்கு வழிகள் உண்டு: நேராகத் தான் வேலை செய்யும் படைப்பிரிவான யூனிட்டுக்குப் போவது, தன் ரெஜிமென்டின் பயிற்சி மையமான ரெஜிமென்டல் சென்டரில் சரணடைவது, காவல் நிலையத்துக்குப் போவது, பிடிபடும்வரை ஒளிந்திருப்பது. கடைசியை வழி என்று சொல்லவே மனம் வரவில்லை. ஆனால் பயத்தில் இருப்பவர் முதலில் போய் விழுவது அதில்தான்.

எதைத் தேர்வதென்பது நாள் கணக்கைப் பொறுத்தது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி, அனுமதியின்றி 30 நாள் ஆளைக் காணவில்லை என்றால் கோர்ட் ஆஃப் என்கொயரி என்னும் ராணுவ விசாரணைக் குழு கூட வேண்டும். எத்தனை நாளாக ஆள் இல்லை, அவர் பொறுப்பில் இருந்த ஆயுதம், உடை, தளவாடங்களில் எது குறைகிறது என்று சாட்சிகளை விசாரித்துப் பதிவு செய்வார்கள். அதற்குப் பிறகும் சரணடையாமலோ பிடிபடாமலோ இருப்பவரைச் சட்டம் ‘ஓடிப்போனவர்’ என்றே கருதும். அதுவரை, லீவ் இல்லாமல் வராதிருந்த குற்றத்துக்கான 39ஆம் பிரிவு. அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. ஓடிப்போனது என்றாகிவிட்டால் 38ஆம் பிரிவு. 7 ஆண்டு வரை சிறை. ஆக்டிவ் சர்வீஸில், அதாவது எதிரிக்கு எதிரான நடவடிக்கை போன்ற களப்பணியில் இருந்தபோதோ, அதற்கான உத்தரவு வந்த பிறகோ ஓடியிருந்தால் மரண தண்டனை வரை சட்டத்தில் இடமுண்டு.

ஆனால் என்கொயரி அப்படி அறிவித்துவிட்டாலே குற்றம் நிரூபணமாகிவிடாது. திரும்பி வரக்கூடாது என்ற எண்ணம் இருந்ததா என்பதே இரு குற்றங்களையும் பிரிக்கும் கோடு. 1986ல் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் வலியுறுத்தியது. தானாக நடந்து வந்தவரிடம் அந்த எண்ணம் இல்லை என்று வாதாட வழியிருக்கிறது. பிடித்து இழுத்து வரப்பட்டவருக்கு அது மிகவும் கடினம்.

30 நாளுக்குள் இருப்பவருக்கு யூனிட்டே சரி. இதில் தயக்கமே வேண்டாம். யூனிட்டின் தலைவரான கமாண்டிங் ஆபீசர் 80ஆம் பிரிவில் தானே விசாரித்து முடிக்கலாம்: 28 நாள் வரை ராணுவக் காவலில் அடைப்பு, 14 நாள் சம்பளம் வரை அபராதம் போன்றவற்றோடு போகும். வராத நாட்களுக்குச் சம்பளமும் படிகளும் பிடிக்கப்படும். கிளம்புமுன் கம்பெனி கமாண்டருக்குப் போனில் சொல்லிவிட்டு, அதையே எழுதி விரைவு அஞ்சலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். அனுமதியின்றிப் பயணம் செய்யும் படைவீரரைப் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். அப்போது கையில் இருக்கும் அந்த ரசீது, யூனிட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார் என்று காட்ட உதவும்.

மாதங்கள் ஓடிவிட்டன, யூனிட்டோ எட்டாத உயரத்தில் இருக்கிறது என்றால் சென்டர் நல்லது. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரருக்கு வெலிங்டன், ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. ஒரே அதிகாரி நடத்தும் சுருக்க ராணுவ நீதிமன்றமான சம்மரி கோர்ட் மார்ஷலைச் சொந்த யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்தான் நடத்த வேண்டும் என்பது பொது விதி. யூனிட் உயர்மலைப் பகுதி, வெளிநாடு, அந்தமான் போன்ற இடங்களிலோ, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையிலோ இருந்தால், ராணுவ ஒழுங்குமுறைகளின் 381ஆம் பத்தி விலக்குத் தருகிறது. அதற்கும் நிபந்தனை உண்டு: அவரைச் சென்டரின் கணக்கில் முறைப்படி சேர்த்திருக்க வேண்டும், ஆளை அடையாளம் காட்டும் சாட்சியம் அங்கேயே கிடைக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் யூனிட்டுக்கே அனுப்பப்படலாம். சென்டரின் குறையும் இதுதான்: காகிதங்கள் வேறிடத்தில் இருப்பதால் காத்திருப்பு நீளும், அவரது முந்தைய நல்ல சேவையை நேரில் பார்த்தவர்கள் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேற்பட்டவரோ நடத்தும் சம்மரி கோர்ட் மார்ஷல் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம், பணிநீக்கமும் செய்யலாம்.

காவல் நிலையம் மூன்றாம் பட்சம். தேடப்படும் விவரம் அங்கே முன்பே வந்திருந்தால், தானாகப் போனவரையும் ‘பிடிபட்டவர்’ என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. பிறகு அழைத்துப்போக யூனிட்டிலிருந்து காவல் துணை (எஸ்கார்ட்) வரும்வரை காவலில் இருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் அங்கே போனால், நிலையப் பொறுப்பு அதிகாரியின் கையெழுத்தோடு, ‘தானாகச் சரணடைந்தார்’ என்று தேதியும் இடமும் குறித்த சான்று கேட்டு வாங்க வேண்டும். 142ஆம் பிரிவின்படி அந்தச் சான்று கோர்ட் மார்ஷலில் சாட்சியமாக ஏற்கப்படும்.

ஒளிந்திருப்பவர்கள் நம்பும் கணக்கு ஒன்று உண்டு: மூன்று வருடம் போனால் கேஸ் செத்துவிடும் என்பது. அது தவறு. மூன்றாண்டுக் காலவரம்பு ஓடிப்போன குற்றத்துக்குப் பொருந்தாது. 39ஆம் பிரிவுக்குக்கூட, கைதுக்குத் தப்பித்திரிந்த நாட்களைக் கழித்துவிடுவார்கள். மூன்று வருடத்தில் நடப்பது வேறு: ராணுவ ஆணைப்படி, வராமலே இருப்பவர் சாதாரண நேர்வுகளில் 3 ஆண்டிலும், முன்னணிப் பகுதியிலிருந்தோ ஆயுதத்தோடோ ஓடியவரும் வெளிநாடு போய்விட்டவரும் 10 ஆண்டிலும் பணிநீக்கம் செய்யப்படுவார்கள். பென்ஷனுக்கு 15 ஆண்டு சேவை வேண்டும். 13, 14 ஆண்டு முடித்தவர் இப்படி ஒளிந்து எல்லாவற்றையும் இழப்பது வயிற்றெரிச்சலான விஷயம். வீட்டாருக்கும் இதில் சுமை இருக்கிறது. ஓடிப்போனவர் என்று தெரிந்தே அடைக்கலம் தருவது நாட்டின் பொதுக் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 164ஆம் பிரிவில் குற்றம். 2 ஆண்டு வரை சிறை. கணவன் அல்லது மனைவிக்கு மட்டுமே விலக்கு. தாய் தகப்பனுக்கு இல்லை.

எந்த வாசலுக்குப் போனாலும் காகிதம் கையில் இருக்கட்டும்: லீவ் சான்று, அடையாள அட்டை, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், வீட்டில் இறப்பு என்றால் இறப்புச் சான்றிதழ், யூனிட்டுக்கு அனுப்பிய செய்திகள். பலருடைய கேஸ் கெட்டுப்போவது, கிளம்பும் நாளில் தனியார் டாக்டரிடம் மொத்த நாளுக்கும் சேர்த்து வாங்கிய ஒற்றைச் சான்றிதழால்தான். இடையில் மருந்துச் சீட்டோ, பரிசோதனை முடிவோ இல்லாவிட்டால் அது நிற்காது. லீவிலேயே உடம்பு முடியாமல் போனவர் அருகிலுள்ள ராணுவ மருத்துவமனையில் காட்டி, யூனிட்டுக்குத் தகவல் போகச் செய்துவிட்டால் இந்த நான்கு வழிகளில் எதுவுமே தேவைப்படாது.