ஆல்ஃபா ரோமியோ மான்ட்ரியல், பல வருடம் ஓட்டிய பிறகு: ஸ்பிகாவில் கை வைக்காதீர்கள்

மிலான் பக்கம் இருந்துகொண்டு மான்ட்ரியல் ஒன்றை ஓட்டிப் பராமரித்து வருகிறேன். இந்தக் காரை வாங்கியவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பது, இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஸ்பிகா என்ற இயந்திரப் பம்பைத் தூக்கிவிட்டு கார்புரேட்டர் போட்டுவிடலாமா என்றுதான். தயவுசெய்து வேண்டாம்.

கனடாவின் மான்ட்ரியலில் நடந்த 1967 எக்ஸ்போ உலகக் கண்காட்சியில் மாதிரியாக நின்ற கார் இது, பெர்டோனே என்ற இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனத்தில் மார்செல்லோ கந்தினி வரைந்தது. 1970இல் ஜெனீவா கார் கண்காட்சியில் வந்த விற்பனை மாடலுக்குள் ஆல்ஃபாவின் டிப்போ 33 பந்தயக் காரின் வழியில் வந்த 2.6 லிட்டர் வி8 இன்ஜினை வைத்தார்கள், அதுவும் ஆயிலைத் தனி டேங்கில் வைக்கும் டிரை சம்ப்போடு. 1977 வரை செய்தது மொத்தம் நாலாயிரத்துக்கும் குறைவு. அந்த இன்ஜினின் உயிரே ஸ்பிகாதான். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்ற இரண்டையும் மேடுபள்ளமாகக் கடைந்த ஒரு கேம் துண்டு கணக்குப் போட்டு எட்டு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து அனுப்புகிறது. சரியாக இருக்கும்போது மிதித்த உடனே இழுக்கும், தயக்கமே இருக்காது.

பெரும்பாலும் கெட்டுப்போவது பம்ப் அல்ல, அதோடு சேர்ந்த தெர்மோஸ்டாட் கருவி. கூலன்ட் சூட்டை உணர்ந்து மெல்லிய குழாய் வழியாகப் பம்புக்குச் சொல்லும் சின்னப் பொருள் அது. வயதாகி உள்ளே இருப்பது கசிந்துவிட்டால், இன்ஜின் சூடேறியதே பம்புக்குத் தெரியாது, குளிரில் ஊற்றுகிற மாதிரியே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். புகை கருப்பாக வரும், மிச்சப் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயிலை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். இது தெரியாமல் பம்ப் போய்விட்டது என்று சொல்லி, யார் யாரோ திருகின ஸ்பிகாக்கள் நிறைய இருக்கின்றன, பார்க்கவே வயிறு எரிகிறது.

பெட்ரோல் ஹோஸ்கள் எல்லாவற்றையும் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் நிற்காது, சூடான வி8 மேல் கசிந்து விழுந்தால் கார் தீப்பிடிக்கக்கூடும்.

உதிரிபாகங்கள்? அடிப்பகுதியும் சஸ்பென்ஷனும் ஆல்ஃபாவின் ஜூலியா கார் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அந்தப் பக்கம் கவலை இல்லை. கஷ்டம் முழுக்க பாடியிலும் கண்ணாடியிலும் டிரிம்மிலும்தான், அவை இந்தக் காருக்கு மட்டுமே செய்தவை. அதனால்தான் சொல்கிறேன், கதவடியிலோ, சில் எனப்படும் கதவுக்குக் கீழுள்ள பாடி விளிம்பிலோ துரு இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுங்கள், நல்ல பழைய பெயிண்டையும் சீட் துணியையும் விட்டுவையுங்கள். முழுக்க உரித்துப் பளபளவென்று ஆக்கிய கார்களைவிட, கொஞ்சம் மங்கிய அசல் காரிடம்தான் எனக்கு மரியாதை அதிகம்.

ஓட்டுவதில் ஒரு விஷயம், ஸ்ப்ரிங் மெத்தென்று இருக்கும், வளைவில் சாயும். நீண்ட சாலைக்கு அருமையான கார், மலைப்பாதையில் விரட்ட இல்லை. முதல் கியர் இடப்பக்கம் கீழே இருக்கிறது, கொஞ்ச நாளில் கை பழகிவிடும். ஹெட்லைட் மேல் இருக்கிற அந்த இமைகள் வேக்குவத்தில், அதாவது காற்று உறிஞ்சும் விசையில், இறங்குகிறவை, ஒன்று மட்டும் சோம்பலாக இறங்கினால் ஏதோ ஒரு ஹோஸ் வெடித்திருக்கும், மலிவான வேலைதான்.

அப்புறம், வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது போய்ப் பாருங்கள். குளிரில் கிளம்புவதும் சூடேறியபின் நிதானத்துக்கு வருவதும் ஸ்பிகாவின் நிலையை அப்படியே காட்டிவிடும். விற்பவர் முன்னாடியே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.