பருத்திக் கிண்ணமா, கம்பளிக் கிண்ணமா

எங்கள் வீட்டு நடையை ஒட்டிய அலமாரியில் இரண்டு கிண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று வெள்ளைப் பருத்தி நூலில் குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல் போட்டு, கஞ்சியில் முக்கி நிறுத்தியது. இன்னொன்று சாம்பல் நிறக் கம்பளி நூலில் தொளதொளவென்று பின்னி, வெந்நீரில் அலசிச் சுருக்கி, கெட்டித் துணி மாதிரி இறுகவைத்து ஃபெல்ட் ஆக்கியது. சாவி, மூக்குக்கண்ணாடி, மாத்திரை அட்டை, கழற்றி வைக்கும் வளையல் என்று வீட்டில் சிதறிக் கிடப்பதையெல்லாம் போட்டு வைக்கத்தான் இந்தக் கிண்ணங்கள். இரண்டு வகையிலுமாக இதுவரை பன்னிரண்டு போட்டிருப்பேன். இனிமேல் கிண்ணம் என்றால் கம்பளிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் கம்பளிக் கிண்ணத்தைப் பார்த்ததும் ஆச்சி கேட்டது இது: "என்னட்டி, பங்குனி வெயிலுக்குக் கம்பளியா?" பாளையங்கோட்டையில் பார்த்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் அதைப் போர்த்திக்கொள்ளப் போவதில்லை. அலமாரியில் இருக்கும் கிண்ணத்துக்கு வெயில் ஒரு தொந்தரவே இல்லை. தொந்தரவெல்லாம் ஐப்பசிக்கு அப்புறம்தான் வருகிறது, அதுவும் பருத்திக்குத்தான் வருகிறது.

சீக்கிரம் சொல்லி முடிக்க வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விலையில் பருத்திதான் ஜெயிக்கும். குரோஷா நூல் ஊரில் எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கிறது. கம்பளி நூலைத் தபாலில்தான் வரவழைக்கிறேன். நான் வாங்கியபோது 100 கிராம் 400 ரூபாய்க்கு மேல் ஆனது, ஒரு நடுத்தரக் கிண்ணத்துக்கு 150 கிராம் வேண்டும். பின்னலின் அழகைக் காட்டுவதிலும் பருத்திதான் மேல். அன்னாசிப் பூ, விசிறி, வலை என்று எந்த வேலைப்பாடு போட்டாலும் பின்னலின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் தெரியும். நம் பக்கத்தில் கைவேலை என்றாலே வெள்ளை நூல்தான் என்ற எண்ணமும் பழையது. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா 19-ஆம் நூற்றாண்டில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது தலையணையில் ஊசி குத்திப் பின்னும் லேஸ், குரோஷா வேறு. ஆனாலும் இரண்டும் வெள்ளைப் பருத்தி நூல்தான். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த கரிசல் காடும் பக்கத்தில்தான். ஆட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான் இது, ஆனால் கீழக்கரிசல் ஆட்டுக்கும் வேம்பூர் ஆட்டுக்கும் இருப்பது முடி, நூற்கிற ரோமம் இல்லை. நல்ல ரோமத்துக்குத் தமிழ்நாட்டில் நீலகிரி ஆடுதான். ஆக, கம்பளி நமக்கு வெளியூர்ச் சரக்கு. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் கம்பளிப் பக்கம் நிற்கிறேன்.

காரணம் ஒன்றே ஒன்று: கிண்ணத்தை எது நிறுத்தி வைக்கிறது என்பது.

பருத்திக் கிண்ணம் தானாக நிற்காது. எத்தனை இறுக்கமாகப் பின்னினாலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு மேல் போனால் விளிம்பு வெளியே சாய்ந்துவிடும். அதை நிறுத்துவது கஞ்சி. ஜவ்வரிசியோ மைதாவோ காய்ச்சி, கிண்ணத்தை அதில் ஊறவைத்துப் பிழிந்து, பாலித்தீன் சுற்றிய எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் கவிழ்த்து, ஒரு பகல் முழுக்க மொட்டை மாடி வெயிலில் காய வைக்க வேண்டும். காய்ந்ததும் தட்டினால் டொக்கென்று கேட்கும், அவ்வளவு விறைப்பு. மாசியிலிருந்து புரட்டாசி வரை அது அப்படியே இருக்கும். அதற்கப்புறம் மழை பிடித்தால், கஞ்சி ஈரத்தை இழுத்துக்கொண்டு இளகத் தொடங்கும்.

2023 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானதும், தாமிரபரணி கரையை மீறி ஊருக்குள் வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை, ஆனால் சுவரெல்லாம் ஊறிவிட்டது. கரண்ட் இல்லை, காற்றாடி இல்லை, துணி நான்கு நாளாகக் காயவில்லை. அந்த வாரம் அலமாரியில் இருந்த ஐந்து பருத்திக் கிண்ணங்களும் தளர்ந்து, சோற்றை வடித்த துணி மாதிரி தொங்கின. அடியில் கஞ்சி தங்கியிருந்த இடங்களில் கடுகு கடுகாகக் கரும்புள்ளி. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது, புளித்த வாடை. அதே தட்டில் இருந்த ஒரே ஒரு கம்பளிக் கிண்ணம், நான் அப்போது சோதனைக்காகப் போட்டிருந்தது, லேசாக ஜில்லென்று இருந்தது, வடிவம் மாறவில்லை. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது என்று படித்திருந்தேன். அன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்தேன்.

மழைக்காலம் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கஞ்சி என்பது தின்பண்டம். கரப்பான் தேடி வரும், வெள்ளிப் பூச்சி வரும். சர்க்கரைப் பாகு போட்டால் நன்றாக விறைக்கும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுச் செய்தேன். மறுநாள் காலை எறும்பு வரிசை ஜன்னலிலிருந்து கிண்ணம் வரை போனது. வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து முக்கினால் ஈரத்துக்கு அவ்வளவாகத் தளராது, ஆனால் பின்னல் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிறது, கண்ணுக்குள் ஏறிய தூசியைக் கழுவி எடுக்க முடியவில்லை. ஆகக் கஞ்சிதான் கதி. ஆறு கிண்ணத்துக்குப் பழைய கஞ்சியை அலசி, புதுக் கஞ்சி போட்டு, வடிவம் பிடித்துக் காயவைக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் பாதி போய்விடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இது. பின்னும் நேரத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை, அது சந்தோஷம். இந்தக் கஞ்சி வேலைதான் அலுத்துப்போனது.

கம்பளியில் அந்த வேலையை ஒரே ஒரு நாள் செய்கிறோம், அத்தோடு சரி. ஆட்டு ரோமத்தின் ஒவ்வோர் இழையிலும் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, சோப்பு, உரசல் மூன்றும் சேரும்போது இழைகள் நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்கின்றன. அப்புறம் பிரிவதே இல்லை. ஆசையாக வாங்கிய கம்பளி ஸ்வெட்டர் வெந்நீரில் போட்டதும் பிள்ளைச் சட்டையாகச் சுருங்கிப்போவதும் இதனால்தான். அதை வேண்டுமென்றே செய்வதுதான் ஃபெல்ட். கிண்ணத்தை நிறுத்துவது நூலே, மேலே பூசியது எதுவும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, நான் 300 கிராம் நூலை வீணாக்கிக் கற்றது. கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். அது சுருங்கவே சுருங்காது. மூன்று தடவை வெந்நீரில் போட்டேன், பின்னியது பின்னியபடியே வெளியே வந்தது. வாங்கும் முன் ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பார்க்க வேண்டும். கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். அசல் கம்பளியிலும் சூப்பர்வாஷ் என்று போட்டிருந்தால் வேண்டாம். மெஷினில் போட்டாலும் சுருங்காதபடி பதப்படுத்தியது அது. நன்றாக வெளுத்த வெள்ளைக் கம்பளி எனக்கு அரைகுறையாகத்தான் சுருங்கியது, சாம்பலும் பழுப்பும் சீக்கிரம் இறுகின.

பின்னும்போது கண் பெரிதாக இருக்க வேண்டும். 5 மி.மீ. ஊசி கேட்கும் நூலுக்கு நான் 8 மி.மீ. ஊசி போடுகிறேன். ஆறு சிங்கிள் குரோஷா கண்ணில் ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கண் கூட்டி, அறுபது வந்ததும் கூட்டுவதை நிறுத்தினால் சுவர் தானாக எழும்பும். பின்னி முடித்ததும் அது ஒரு பெரிய, தொளதொளத்த தொப்பி மாதிரி இருக்கும், கிண்ணம் என்று சொல்லவே முடியாது. பயப்பட வேண்டாம். என் சாம்பல் கிண்ணம் பின்னியபோது 24 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். சுருங்கிய பின் 17 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். உயரம் கூடுதலாகச் சுருங்கும், அதனால் நான்கைந்து சுற்று அதிகம் போட்டுவிட வேண்டும்.

ஃபெல்ட் செய்யச் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின்தான் வசதி. நினைத்த நேரத்தில் நிறுத்தித் திறந்து பார்க்கலாம். கிண்ணத்தைப் பழைய தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் உதிரும் ரோமம் குழாயை அடைத்துவிடும். கூடவே உரசலுக்கு ஒரு பழைய ஜீன்ஸ். கை பொறுக்காத சூட்டில் வெந்நீர், சீவிய சோப்பு கொஞ்சம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு தடவையும் ஒன்றுமே நடக்காது, இன்னும் பெரிதாகக்கூட ஆன மாதிரி தோன்றும். அப்புறம் திடீரென்று இறுகும். கண்கள் மங்கி, மறைந்து, மேல்பரப்பு பூனைக் காது மாதிரி மெத்தென்று ஆகிவிடும். அடை தடிமனுக்கு வந்ததும் எடுத்து அலசி, முறுக்காமல் டவலில் சுற்றி அமுக்கி, பாத்திரத்தின் மேல் இழுத்து வடிவம் பிடிக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் ஒன்றரை நாளில் காய்ந்துவிடுகிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாக ரோமத்தில் ஒட்டிக்கொண்டது. முக்கால் மணி நேரம் சுற்றியும் பாதிதான் சுருங்கியது. குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துச் செய்தபோது இருபது நிமிஷத்தில் முடிந்தது. தாமிரபரணித் தண்ணீருக்கு இந்த வேலையில் இப்படி ஒரு பங்கு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வீட்டில் உப்புத் தண்ணீர்தான் என்றால் நல்ல தண்ணீர் இரண்டு குடம் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, கம்பளியைப் பூச்சி அரிக்காதா? அரிக்கும். துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு ரோமத்தைத்தான் தின்னும். இருட்டில், யாரும் தொடாத இடத்தில், அழுக்குப் பட்ட கம்பளி என்றால் அதற்கு இன்னும் பிடிக்கும். தினமும் சாவியைப் போட்டு எடுக்கும் கிண்ணம் அந்த மாதிரி இடமில்லை. மாதம் ஒருமுறை தலைகீழாகத் தட்டி, பழைய பிரஷ்ஷால் துடைத்து, ஒரு மணி நேரம் வெயில் காட்டுகிறேன். ஐந்து நிமிஷ வேலை. அலமாரித் தட்டில் வேப்பிலையும் போடுகிறேன். அதைவிடத் தட்டுவதும் வெயிலும்தான் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம். கட்டி வைக்கும் கிண்ணத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வைத்து எடுத்த பிறகுதான் பெட்டியில் வைக்கிறேன். இதுவரை ஓட்டை விழவில்லை. ஆனால் என்னிடம் இருப்பதில் மூத்த கிண்ணத்துக்கே வயது சில மழைக்காலம்தான், பத்து வருஷம் தாங்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பருத்தியைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. பூக்கட்டும் கிண்ணம், கைக்குழந்தையின் சாமான் போடும் கிண்ணம், எண்ணெய்க் கை படும் இடம். பருத்தியைக் கொதிக்க வைக்கலாம், ப்ளீச் போடலாம். கம்பளியில் ப்ளீச் பட்டால் ரோமமே கரைந்துவிடும், கொதிக்க வைத்தால் இன்னும் சுருங்கும். குழம்புக் கறை விழுந்த ஒரு கம்பளிக் கிண்ணத்தைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. திருப்பூர்க் கழிவுத் துணியில் வரும் தடித்த டி-ஷர்ட் நூலில் பின்னினால் கஞ்சியில்லாமலே நிற்கிறது. அதில் ஒன்றுதான் போட்டிருக்கிறேன், கனமாக, உறுதியாக இருக்கிறது. ஒன்றை வைத்து மேலே எதுவும் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் எதற்கு, பனையோலைக் கொட்டான் இல்லையா என்று மதினி கேட்டாள். அடுக்களைக்கு அதுதான் சரி. உள்ளிக்கும் கருப்பட்டிக்கும் காற்றோட்டமான ஓலையை மிஞ்ச ஒன்றுமில்லை. கண்ணாடியும் வளையலும் வைக்க மட்டும் எனக்கு மெத்தென்ற ஒன்று வேண்டும். ராத்திரி வளையலைக் கழற்றிப் போட்டால் கம்பளியில் சத்தமே வராது, தொட்டிலில் பிள்ளை எழாது.

கம்பளியில் ஒன்று மட்டும் மனசுக்குக் கஷ்டம். ஃபெல்ட் ஆனதைப் பிரிக்க முடியாது, தப்பாகச் சுருங்கினால் வெட்டி வேறு ஏதாவது செய்ய வேண்டியதுதான். பருத்தியை எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். அந்த டிசம்பரில் தொங்கிப்போன ஐந்தில் நான்கைக் கொதிக்க வைத்துக் கஞ்சியைக் கழுவி, நூலைப் பிரித்து, மூன்று புரியாக முறுக்கிப் புரிமணை பின்னினேன். அடுக்களையில் இப்போது குழம்புச் சட்டி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கஞ்சி தேவையில்லை. ஐந்தாவதை ஆச்சி பிரிக்க விடவில்லை. நடை அலமாரியில் இருக்கும் வெள்ளைக் கிண்ணம் அதுதான், அதற்கு மட்டும் இன்னும் கஞ்சி காய்ச்சுகிறேன்.